ஐஸ் போட்ட பெட்டிகள்

அல் கூஸிலிருந்து ஓமானின் மிர்பாத்துக்கு வேன் வந்து சேரப் பத்தொன்பது மணி நேரம் ஆயிற்று. வழியில் ரெஜின் மூன்று முறை எப்சிபாவைப் போனில் கூப்பிட்டான். மூன்று முறையும் அவள் எடுக்கவில்லை.

கூப்பிட்டது அவன் என்பதால்தான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை போன் அதிர்ந்தபோது அவள் மிர்பாத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு மலையாளி ஹோட்டலில் உட்கார்ந்து பொறோட்டா பிய்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவன் பெயரைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். பொறோட்டாவைக் குருமாவில் தோய்த்து வாயில் போட்டாள்.

எப்சிபா கடற்பாசி வளர்க்கும் கம்பெனிக்கு ரெஜின் டிரைவர். குளச்சல்காரன். பத்து வருடம் மீன்பிடி லாஞ்சில் கிடந்துவிட்டு வேனுக்கு வந்தவன். வாரம் ஒரு முறை புஜைராவிலிருந்து டாங்கில் கடல்நீர் கொண்டுவருவதும் அவன் டியூட்டிதான். போன மார்ச்சில் அவன் கொண்டுவந்த தண்ணீரில் டீசல் வாடை அடித்தது. எப்சிபா அதை அவனிடம் சொல்லவில்லை. மேனேஜருக்கு ஈமெயில் அனுப்பினாள். ஆபீஸ் அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை லீவும் சர்ச் பூசையும் போய், அவன் மறுபடி புஜைராவுக்கு ஓடினான். திரும்பி வந்து நேராக அவள் முன்னால் நின்றான்.

“முன்னால நிக்கவன்ட்ட சொல்ல ஒனக்கு வாய் இல்லியா பிள்ளே? மேல எழுதிப் போடுகே. நாரோயில்ல இதத்தான் படிச்சியா?”

பதில் சொல்ல வராது அவளுக்கு. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறந்தாலே குரல் வெளியே வராது. அன்றிலிருந்து அவன் அவளை ‘பாசி டாக்டர்’ என்றான். அவள் காதுபட, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் காதுபடச் சொன்னான். அவள் பதிலுக்கு அவனை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. அண்ணன் என்றுகூட இல்லை. ஒரே மாவட்டத்துக்காரர்கள், ஆறு மாதமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தார்கள்.

ஷெட் அல் கூஸில், கார் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கும் டைல்ஸ் குடவுனுக்கும் நடுவில் இருந்தது. வெளியே தார் இளகும். உள்ளே எப்சிபா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கெல்ப் வளர்த்தாள். கெல்ப் என்பது பெரிய பழுப்புக் கடற்பாசி. பாறையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு எழுந்து, கடலடியில் காடாக அடர்ந்து நிற்கும். வளைகுடாவின் வெந்நீர் அதற்கு ஆகாது. ஓமானின் தெற்குக் கரையில் மட்டும், மழைக்காற்று வீசும் மூன்று மாதம் ஆழத்துத் தண்ணீர் மேலேறிக் கடல் குளிர்ந்துவிடும். அந்தக் குளிரை நம்பி அங்கே ஒரு கெல்ப் காடு பிழைத்துக் கிடந்தது. சில வருடங்களாகக் கடல் சரியாகக் குளிரவில்லை. மிர்பாத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன விரிகுடாவில் காடு மெலிந்து, திட்டுத்திட்டாகி, போன வருடம் அடியோடு அற்றுப்போனது. அற்றுப்போவதற்கு முன்னால் ஒரு முக்குளிப்பவர் மேலே கொண்டுவந்த கடைசி இலைகளிலிருந்து எப்சிபா வித்தெடுத்தாள்.

அந்த வித்து கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கின் கீழ் குளிரில் வைத்தால் வருடக்கணக்கில் உறங்கும். வெள்ளை விளக்குக்கு மாற்றினால் விழித்துக்கொள்ளும். கொஞ்சம் வித்தை விழிக்க வைத்துக் கூழாங்கற்களின் மேல் தெளித்து, ஏழு வாரம் வளர்த்தாள். கல்லுக்கு மேல் பழுப்பு வெல்வெட் போலப் படர்ந்து, அதில் நகக்கண் அளவு இலைகள் கிளம்பின. அந்தக் கற்களைப் படகிலிருந்து விரிகுடாவில் போட வேண்டும். பாறை இடுக்கில் தங்கி அவை வேர்போலப் பிடித்துக்கொள்ளும். மிச்ச வித்து அல் கூஸில் சிவப்பு விளக்குப் பெட்டிக்குள் நான்கு கண்ணாடிக் குடுவைகளில் இருந்தது. அந்த விரிகுடாவின் கெல்ப் இனி உலகத்தில் வேறெங்கும் இல்லை.

செலவு ஓமானிய அறக்கட்டளை ஒன்றுடையது. ஒப்பந்தம் நேரானது. கற்களைப் போட்டாயிற்று, நல்லபடி இருக்கிறது என்று அவர்கள் கையெழுத்துப் போட்டால் திட்டம் முடிந்தது, அல் கூஸ் அறை காலி. நட்டது பிழைக்காது என்றால் கம்பெனி இன்னொரு வருடம் தன் செலவில் திரும்பச் செய்ய வேண்டும். மேனேஜர் உடையப்பனுக்கு இரண்டாவது பேச்சே காதில் விழக்கூடாது. அபுதாபியில் அலையாத்தி மரம் நடும் வேலை ஒன்று, இது முடிந்தால்தான் கைக்கு வரும் என்று காத்திருந்தது.

எப்சிபாவும் உடையப்பனும் விமானத்தில் ஸலாலா வந்து, அங்கிருந்து மிர்பாத் வந்திருந்தார்கள். கற்கள் மட்டும், தண்ணீர் இல்லாமல் உப்புநீரில் நனைத்த துணி போர்த்திய பெட்டிகளில், குளிர்வேனில் ரெஜினுடன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் விடுதி முற்றத்தில் வந்து நின்றது. மழைக்காலத்தின் கடைசி மூடுபனி மலையிலிருந்து இறங்கி, காயப்போட்ட மத்தி வாடையோடு ஊருக்குள் நின்றிருந்தது. ரெஜின் இறங்கினான். கண் இரண்டும் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்கதவைத் திறந்தான். கதவு வழியே தண்ணீர் கொட்டி எப்சிபாவின் செருப்பை நனைத்தது. ஜில்லென்றிருந்தது.

“இது என்ன தண்ணி?” என்றாள்.

“ஐஸு.”

“எதுக்கு ஐஸ்?”

“எதுக்கா? ஹைமான்னு ஒரு ஊரு தாண்டி நடு மணல்காட்டுல கம்ப்ரசர் பெல்ட்டு அந்து போச்சு. வெயிலு நாப்பத்தஞ்சு. ஒனக்க பாசி வெந்து கொழம்பாவும்னு ஒன்ன விளிச்சேன். எடுக்கல்ல. பின்னயும் விளிச்சேன். எடுக்கல்ல. அந்தாளு போனு எறங்கின பின்னயும் பிளைட் மோடுலயே கெடக்கு. நான் யார்ட்ட கேக்கட்டு, ஒட்டகத்துட்டயா?”

அவள் ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினாள். உருகாத ஐஸ் துண்டுகள் இன்னும் இரண்டு மூன்று மிதந்தன. கற்கள் கண்ணாடித் தண்ணீருக்குள் கிடந்தன.

“எல்லாப் பெட்டியிலயுமா?”

“பின்ன? திரும்பி ஹைமாவுக்கு ஓட்டிட்டு வந்து பாத்தா, நம்ம தூத்தூர்க்காரன் ஒருத்தன் மீன்லாரிய போட்டுட்டு நிக்கான். கால்ல விழாத கொறையா ஐஸு வாங்கி எல்லாப் பெட்டியிலயும் வாரிக் கொட்டினேன். பெட்டியில நீ வச்சியே ஒரு சாமானம், சூடு பாக்கது, அதப் பாரு. பதினாலுக்கு மேல ஏறிச்சான்னு பாரு. நெத்தோலியே கெடாது பிள்ளே, பாசி கெடுமா?”

அந்தச் சாமானத்தை அவள் பார்த்தாள். பதினாலுக்கு மேல் ஏறவில்லை. அவன் சொன்னது அத்தனையும் சரி. மீனாக இருந்திருந்தால் அதைவிட நன்றாக யாரும் கொண்டுவந்திருக்க முடியாது.

ஐஸ் என்பது துளி உப்பில்லாத நல்ல தண்ணீர். ஏழு வாரம் உப்புநீரில் வளர்ந்த உயிர் ஆறு மணி நேரமாக நல்ல தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

ரெஜின் சொன்னதைக் கேட்டபடி உடையப்பன் படியிறங்கி வந்தார். அறுபது வயது, இஸ்திரி போட்ட சட்டை. பெட்டியை எட்டிப் பார்த்து ரெஜினின் தோளில் தட்டினார். “பிரமாதம்ப்பா! கடல்காரன் கடல்காரன்தான். எப்சி, இவர் இல்லன்னா நம்ம கதி என்னம்மா?”

ரெஜின் அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஆறு மாதப் பாக்கி இருந்தது.

அவள் தன் அறைக்கு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு கல்லும் கொஞ்சம் தண்ணீரும் கொண்டுபோனாள். உப்பு பார்க்கும் கருவியில் சொட்டுவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். முப்பத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் மூன்று. அடுத்த பெட்டி நான்கு. அதற்கடுத்தது இரண்டு. கையோடு கொண்டுவந்திருந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் ஒரு இலையைச் சுரண்டி வைத்தாள். செல்கள் தண்ணீர் குடித்து வீங்கி வெடித்திருந்தன. சுவர் மட்டும் நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு கல்லிலாவது, ஒரு மூலையிலாவது என்று தேடினாள். கடைசிக் கல் வரை பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

கதவு தட்டாமலே திறந்தது. ரெஜின் நின்றான்.

“மூஞ்சி ஏன் செத்த வீடு மாதிரி இருக்கு?”

அவள் மைக்ராஸ்கோப்பை ஒதுக்கி வைத்தாள். “ஐஸ் போட்டிருக்கக்கூடாது.”

“ஆங்?”

“அது நல்ல தண்ணி. உப்பு இல்லாம அதுக்கு உயிர் தங்காது. எல்லாம் போச்சு.”

அவன் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மோந்து பார்த்தான்.

“நாத்தம் இல்லியே.”

“நாளைக்கு வரும்.”

“நீ வேணும்னே சொல்லுகே. அந்தாளு எனக்கு முதுகு தட்டினது ஒனக்குப் பொறுக்கல்ல.”

“வேணும்னா நீங்களே பாருங்க.” மைக்ராஸ்கோப்பை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் பார்க்கவில்லை. கல்லை மேசையில் வைத்தான். வைத்த வேகத்தில் கண்ணாடித் தகடு ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

“சரி. செத்துன்னே இருக்கட்டு. இப்ப நீ என்ன செய்யப் போற? மேல எழுதப் போறியா?”

“சொல்லித்தானே ஆகணும்?”

“சொல்லு. நல்லா சொல்லு. ஏற்கெனவே ஒரு கடிதம் நீ வாங்கித் தந்தாச்சு எனக்கு. இன்னொண்ணு வந்தா விசா கேன்சல், டிக்கெட்டு. பின்ன நானும் சொல்லுவேன் கேட்டியா. பெல்ட்டு அந்தவுடனே விளிச்சேன், மூணு மட்டம் விளிச்சேன், மகாராணி எடுக்கல்லன்னு சொல்லுவேன். எனக்க போன்ல கெடக்கு எல்லாம். ஒத்த வார்த்த நீ சொல்லியிருந்தா அந்த ஐஸு பெட்டிக்குள்ள ஏறியிருக்குமா?”

“மெசேஜ் போட்டிருக்கலாம்லா?”

“கூப்பிட்டா எடுக்காதவளுக்கு லெட்டர் வேற எழுதணுமோ?” வாசலில் நின்று திரும்பினான். “நீ மிண்டாம இரு. நானும் மிண்டல்ல. கல்லக் கடல்ல போட்டா யாருக்குத் தெரியும்? அடியில கெடந்துட்டுப் போவுது. செத்தது கடல்லதானேன்னு சொல்லிரலாம்.”

அவன் போனபின் அவள் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினாள். அவனை வெறுப்பது எளிதாக இருந்தது. ஆறு மாதப் பழக்கம். அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் உறுத்தியது. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்றும் தெரியும். ஐஸைப் பாலித்தீன் பையில் கட்டிப் பெட்டியைச் சுற்றி வையுங்கள், உள்ளே கொட்டாதீர்கள். அவ்வளவுதான். பொறோட்டாவை மெல்லுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

இருட்டுவதற்குள் உடையப்பனின் அறைக்குப் போனாள். அவர் டீ குடித்துக்கொண்டே அடுத்த நாள் போட வேண்டிய சட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

“சார், கல்லு...”

அவர் கையை உயர்த்தினார். “எப்சி. உன் முகத்தைப் பார்த்தாலே ஏதோ விவகாரம்னு தெரியுது. எங்கிட்ட சொல்லாதே.”

“இல்ல சார், தண்ணியோட உப்பு...”

“சொல்லாதேங்கிறேன். நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சதாயிடும். தெரிஞ்சா நான் ஏதாவது செய்யணும். சூடு ஏறலை. ரெக்கார்ட் இருக்கு. நாளைக்கு டிரஸ்ட்லேருந்து அந்தம்மா ஹனான் வர்றாங்க, போட்டோ எடுப்பாங்க, நாம கல்லைப் போடறோம், வியாழக்கிழமை கையெழுத்து. கடல் என்ன பண்ணுதோ அது கடல் பாடு. நூத்துல பத்து பிழைச்சாலே பெரிசுன்னு நீதானே ரிப்போர்ட்ல எழுதின?”

“பத்துகூட...”

“அம்மா.” அவர் குரல் மாறியது. “உன் விசா என் கையெழுத்துல இருக்கு. அபுதாபி வேலைக்கும் உன் பேரைத்தான் போட்டிருக்கேன். ஒரு வருஷம் இதையே பிடிச்சுத் தொங்கினா ஷெட் வாடகை யார் கொடுப்பா? நீயா? போய் தூங்கு.”

அவள் போய்ப் படுத்தாள்.

காலையில் கடல் வெளுத்து, பெரிய அலைகள் இல்லாமல் கனமாக ஏறி இறங்கியது. படகுக்காரர் உள்ளூர் ஆள். பெட்டிகளை ஏற்றும்போது, போன வருடம் வந்தவர்களும் இப்படித்தான் கல் கொண்டுவந்தார்கள் என்று உருதுவில் சொல்லி, எச்சிலைக் கடலில் துப்பினார். ரெஜின் பெட்டிகளை அடுக்கினான். எப்சிபா தூக்க வந்த பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினான்.

ஹனான் அறக்கட்டளையின் அதிகாரி. முப்பத்தைந்து வயதுப் பெண். அபாயாவின் மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தாள். அவள் அப்பா இந்த விரிகுடாவில்தான் சிப்பிக்கு முக்குளித்தவராம். சின்ன வயதில் படகிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே காடு அசைவது தெரியும் என்றாள். அதை அவள் ஆங்கிலத்தில் உடையப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் தலையை ஆட்டியபடி போனில் எண் தட்டிக்கொண்டிருந்தார்.

துறைமுகம் தாண்டுவதற்குள் லைன் கிடைத்தது. அல் கூஸ் ஷெட்டில் இருந்த ஸ்டோர்கீப்பர் ராஜிக்கிடம் பேசினார். ஹனானுக்குப் புரியாது என்பதால் தாராளமாகப் பேசினார்.

“ஆமாப்பா, ஆயிடுச்சு, போட்டுட்ட மாதிரிதான். நீ இன்னிக்கே ரூமைக் காலி பண்ண ஆரம்பிச்சிடு. டாங்க், சில்லர் எல்லாம் வெளியே எடு. அந்தச் சிவப்பு லைட் பெட்டியை நம்மாளு ஒருத்தன் கேட்டான், குடுத்துடலாம். உள்ளேயா? நாலு பாட்டில்தானே, சிங்க்ல கொட்டிட்டுக் கழுவி வை. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு, சரியா? கலாஸ், முடிஞ்சுது.”

எப்சிபா படகின் விளிம்பைப் பிடித்தாள்.

“சார், அந்தப் பாட்டில்...”

“அப்புறம்மா, அப்புறம்.”

விரிகுடாவுக்கு வந்ததும் படகுக்காரர் இன்ஜினைக் குறைத்தார். வெயில் பனியைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. உடையப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ரெஜின் முதல் பெட்டியின் மூடியைத் திறந்தான். ஹனான் குனிந்து ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் உயர்த்தினாள். அவள் முகம் மலர்ந்தது.

“என்ன பச்சை!” என்றாள். “புல் முளைத்த மாதிரி! படத்தில் பார்த்தபோது மங்கலாகப் பழுப்பாக இருந்ததே. எவ்வளவு உயிரோடு இருக்கிறது!”

“அதுதான் மேடம், மிக ஆரோக்கியம்” என்றார் உடையப்பன். “போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?”

எப்சிபா எல்லாப் பெட்டிகளையும் பார்த்தாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கற்கள் முழுக்கப் பச்சையாகியிருந்தன. பளிச்சென்று, விளம்பரத்துக்கு வைத்தது போன்ற பச்சை. ரெஜினும் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவள் பக்கமாகச் சாய்ந்தான்.

“பாத்தியா? தளிர் விட்டிருக்கு. செத்துன்னு சொன்னியே, சவமே.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன கண்டானோ, அவன் நிம்மதி அப்படியே வடிந்தது. குரலை இன்னும் தாழ்த்தினான்.

“வாயத் தொறக்காத. தொறந்தா ரெண்டு பேரும் சேந்துதான் பிளைட்டு ஏறுவோம். சொல்லிட்டேன்.”

ஹனான் கல்லை எப்சிபாவின் பக்கம் நீட்டினாள். “நீங்கள்தானே இவற்றை வளர்த்தது? முதல் கல்லை நீங்கள் போடுங்கள். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். இதில் எத்தனை பிழைக்கும்?”

“மேடம், அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம்” என்று உடையப்பன் குறுக்கே வந்தார். “நான் சொல்கிறேன். நூற்றுக்குப் பத்து என்று...”

“அவரிடம் கேட்டேன்” என்றாள் ஹனான்.

கல் எப்சிபாவின் உள்ளங்கையில் இருந்தது. வழுவழுவென்று, லேசாகச் சளி போல ஒட்டியது. அல் கூஸில் ராஜிக் இந்நேரம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினைக் கழற்றியிருப்பான். குழாயடி சிங்க் சிவப்புப் பெட்டிக்கு நாலு எட்டு தூரம். திட்டம் முடியவில்லை என்றால்தான் அந்த நாலு குடுவையும் தப்பும். வாய் திறந்தாள். குரல் அவளுக்கே தெரியாத உயரத்தில் கிளம்பியது. படகுக்காரர் என்னவோ என்று இன்ஜினை நிறுத்திவிட்டார்.

“இது பழுப்புப் பாசி மேடம். உயிரோடு இருக்கிறவரைக்கும் பழுப்பாகத்தான் இருக்கும். செத்தால்தான் பச்சையாகும். இந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை.”